அமுதாவுக்குப் பதினெட்டு முடிந்த பிறகு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களையெல்லாம் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, என்னையும் கூப்பிட்டு, "மேடம், உங்க சர்வீஸ்ல நடந்த ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க, இவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். சொன்னேன். காது கேட்காத பையன் ஒருவன் இன்று துறைமுகத்துப் பட்டறையில் வெல்டராக இருப்பதைச் சொன்னேன். கைதட்டினீர்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பையன் பொங்கலுக்குப் பொங்கல் என் வீட்டுக்கு வந்து போகிறான்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது உங்களில் ஒரு பெண் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "மேடம், நல்லா வராத பிள்ளைங்க எல்லாம் என்ன ஆவாங்க?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். படிக்கட்டில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிறப்புப் பயிற்றுநராக நான் வேலை பார்த்தது முழுக்க வடசென்னையில். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூரில் முடிந்தது. நடுவில் நெடுங்காலம் திருவொற்றியூரில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறையில். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு என்று நாம் பெயர் பிரித்து வைத்திருக்கிறோமே, அத்தனை பிள்ளைகளும் அந்த ஒரே அறையில்தான். ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி. மூடினால் புழுக்கம். பாடம் எப்படி நடத்துவது, பட அட்டை எப்படிச் செய்வது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். அமுதாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அமுதாவை முதல்முதலாக அவள் அம்மா தனலட்சுமி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். கால் இரண்டும் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. நடக்க வராதா என்று கேட்டேன்.

"நல்லா நடப்பா டீச்சர். லாரிக்காரன் ஆரன் அட்ச்சான்னா இருக்கற எடத்துலயே குந்திக்குவா. நடுரோடுன்னாலும் குந்திக்குவா. அதான் தூக்கினு வரேன்."

தனலட்சுமி காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை பார்த்தாள். விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்புவாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறிப்போய் இருக்கும். புருஷன் விசைப்படகில் போகிறவன். அமுதாவுக்குப் பேச்சு வராது என்று தெரிந்த வருஷம் வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அம்மா வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு மும்தாஜ் பார்த்துக்கொள்வாள். மும்தாஜுக்கும் மூன்று பிள்ளைகள்.

வந்த முதல் வாரம் அமுதா தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டே இருந்தாள். சிவந்து வீங்கும்வரை அறைவாள். கையைப் பிடித்தால் நம்மைக் கடிப்பாள். நான் படிப்பு முடித்துவந்த சூடு இன்னும் ஆறாத ஆள். எப்போது அடித்துக்கொள்கிறாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எனக்கு மூத்தவராக ஒரு டீச்சர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் வந்து, அமுதாவின் தலையோடு தன் தலையை ஒட்டிவைத்து மோந்து பார்த்தார்.

"காதுல சீழ் கட்டியிருக்குட்டி. பிள்ளைக்கு வலிக்கு. வலிக்குன்னு சொல்லத் தெரியல, அடிக்கா. நீ என்னத்தைக் கட்டம் போட்டுட்டு இருக்க?"

காதுக்கு மருந்து விட்டதும் அறைவது நின்றுவிட்டது. இதை எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். பிள்ளையின் நடத்தையை மாற்றக் கிளம்புவதற்கு முன்னால், பிள்ளைக்கு எங்கேயாவது வலிக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த டீச்சர் அன்று இன்னொன்றும் சொன்னார். அதை நான் எந்தப் பயிற்சியிலும் சொன்னதில்லை. தனலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: "பிள்ளையை மட்டும் பாரு. அம்மைகளைப் பாக்க ஆரம்பிச்சேன்னா இந்த வேலையில நீ இருக்க முடியாது."

அடுத்த வருஷம் அவரே வேலையை விட்டுவிட்டார். கல்மண்டபத்தில் தம்பியின் பாத்திரக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கப் போனேன். ஒரு குண்டானைத் துடைத்துக்கொண்டே, "இதுங்க என்னைய ஒண்ணும் கேக்கிறதில்லை" என்றார்.

நான் அமுதாவின் அம்மாவைப் பார்த்துவிட்டேன்.

அமுதாவுக்கு எழுத்து வரவில்லை, எண் வரவில்லை, பேச்சு கடைசிவரை வரவில்லை. வலிப்பு வேறு இருந்தது. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தவற்றை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். அதில் பெரியது கேட்பது. அதுவரை அவளுக்கு எது வேண்டுமென்றாலும் பிடுங்குவாள், கிடைக்காவிட்டால் அலறுவாள். எதிரில் இருப்பவரின் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டால் கேட்டது கிடைக்கும் என்று பழக்கினேன். பொரியை வைத்துத்தான் பழக்கினேன். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. ஒருநாள் அவள் பிடுங்கவில்லை, அலறவில்லை. என் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் பொரிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தனலட்சுமி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "வூட்ல என்னிய கேட்டா டீச்சர். ரசம் சோறு. இன்னொரு வாட்டி வோணும்னு தொட்டுக் கேட்டா. பொறந்ததுலர்ந்து நானே நெனச்சி நெனச்சி குடுத்துகினு இருந்தேன். அவளா ஒருவாட்டி கேட்டது இல்ல." சொல்லிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அது சந்தோஷமா வேறெதுவுமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அமுதா வயசுக்கு வந்தபோது ஒரு நெருக்கடி வந்தது. உறவுக்காரி ஒருத்தி, "கர்ப்பப்பைய எடுத்துடு, எதுக்கு இந்தத் தொல்லை" என்று ஓதிக்கொண்டே இருந்தாள். தனலட்சுமி என்னிடம் வந்தாள். "எடுத்துட்டா யாராவது இவள இன்னா பண்ணாலும் வெளிய தெரியாது இல்ல டீச்சர்?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் முடிவு எடுத்தாகிவிட்டது. எடுக்க வேண்டாம் என்று இருவருமாகத் தீர்மானித்தோம். சிவப்புச் சாயத்தில் நனைத்த துணியை வைத்து, எப்படி மாற்றுவது, எங்கே போடுவது என்று அமுதாவுக்குப் பழக்கினோம். அதையும் அவள் கற்றுக்கொண்டாள். கழிப்பறைக்குத் தானாகப் போகவும் கற்றுக்கொண்டாள்.

பிறகு அவளுக்குப் பதினெட்டு முடிந்தது.

நம் மையங்களில் பதினெட்டு வரைதான். பிறகு வருகைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். அதைத் தாய்மாரிடம் சொல்வதும் நம் வேலைதான். உங்களுக்கும் அந்த நாள் வரும். வார்த்தைகளை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளாதீர்கள், எதுவும் உதவாது. நான் சொல்லி முடித்ததும் தனலட்சுமி கேட்டாள்.

"இன்னா டீச்சர், பதினெட்டு முடிஞ்சா இவளுக்கு எல்லாம் சரியாப்பூடும்னு கவருமெண்டு நெனச்சிகினு கீதா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அதன்பிறகு அமுதா வீட்டில்தான். உதவித்தொகை வந்தது. அது அமுதாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொள்ளாது அல்லவா? மும்தாஜின் மகளுக்குக் குழந்தை பிறந்து அவளுக்கும் கை ஓயாமல் வேலை. தனலட்சுமி காசிமேடு போகிற நேரம் அமுதாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். நான் எண்ணூருக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். வழியில் இறங்கி அவ்வப்போது பார்ப்பேன். அமுதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குண்டாகிக்கொண்டே போனாள். வெயில் படாத மூஞ்சி வெளிறிப்போனது.

இப்படியே சில வருஷங்கள். தனலட்சுமிக்கு மார்பில் கட்டி வந்தது. அதை அவளாக என்னிடம் சொல்லவில்லை. அமுதா இடித்த இடத்தில் அவள் துடித்ததைப் பார்த்து நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உடனே சேர வேண்டும், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

"இவள எங்க வுட்டுட்டு வந்து படுக்கறது?"

அமுதாவுக்கு இடம் தேடினேன். எத்தனை இல்லங்களுக்குப் போன் செய்தேன் என்று கணக்கில்லை. எல்லா இடத்திலும் இனிமையாகத்தான் பேசினார்கள். பதினெட்டுக்கு மேலா? பெண்ணா? வலிப்பு இருக்கா? கத்துவாங்களா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் உண்மையைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. வலிப்பு இல்லை என்று சொல்லிச் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாத்திரை கொடுக்காமல் விட்டுவிட்டால்? தனலட்சுமி, "இருக்கட்டும் டீச்சர், தீவாளி கழிச்சி பாத்துக்கலாம்" என்றாள். தீபாவளி கழிந்தது. கட்டி பெரிதானது.

ஒருநாள் முற்பகல் எண்ணூர் பள்ளியில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"டீச்சர், அமுதாவோட டம்ளர், தட்டு, அந்த அட்டைங்கல்லாம் ஒரு பையில போட்டு மும்தாஜ் வூட்டு வாசல்ல வெச்சிகீறேன். வேற புள்ளைக்கு ஆவும், எட்துக்கோ." அப்புறம் சொன்னாள்: "உன்னிய ரொம்ப பேஜார் பண்ட்டேன். மன்சுல வெச்சிக்காத."

குரலில் அழுகை இல்லை. நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். வரக்கூடாது, ஆனால் வரும். "என்ன ஆச்சு, என்ன பண்ணப் போறே" என்று நான் கேட்டிருந்தால் அவள் போனை வைத்திருப்பாள். புத்தி சொன்னாலும் வைத்திருப்பாள். என் வாயில் ஒரு பொய் வந்தது.

"தனம், வெச்சிடாதே. இங்க ஒரு பொண்ணுக்கு வலிப்பு வந்திருக்கு. நிக்கவே மாட்டேங்குது. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அமுதாவுக்கு வந்தா நீ என்ன பண்ணுவே, சொல்லு."

"ஒருக்களிச்சிப் படுக்கவை டீச்சர், வாயில ஒண்ணும் வுட்றாத" என்றாள். அந்த நிமிஷமே அவள் குரல் மாறியது. அவளைப் பேசவைத்துக்கொண்டே, உடன் வேலை செய்த பெண்ணுக்குச் சைகை காட்டி, சீட்டில் மும்தாஜின் நம்பரை எழுதி, 'தனம் வீட்டுக்குள் போய் உட்காரச் சொல், நகரக் கூடாது' என்று எழுதினேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழி முழுக்க அந்த இல்லாத பெண்ணுக்கு வலிப்பு வந்துகொண்டே இருந்தது. ஆட்டோவில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். "மூச்சு எப்படி கீது? ஒதடு நீலமா கீதா பாரு" என்று தனலட்சுமி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் போனிலேயே கதவைத் தட்டுகிற சத்தமும் மும்தாஜின் குரலும் கேட்டன. "தனம், தண்ணி லாரி வந்துகீது, கதவத் தொற!" தண்ணி லாரி என்றால் அந்தத் தெருவில் திறக்காத கதவு கிடையாது.

நான் போனபோது மும்தாஜ் வாசற்படியில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவை அடைத்தாற்போல உட்கார்ந்திருந்தாள். உள்ளே தனலட்சுமி சுவரில் சாய்ந்திருந்தாள். போன் இன்னும் காதில். அமுதாவுக்குப் புது சுடிதார், தலையில் கனகாம்பரம், முகத்தில் பவுடர். இருவருக்கும் நடுவில் ஒரு தட்டில் பிசைந்த சோறு. அதில் என்ன கலந்திருந்தது என்பதை எழுத மாட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு நின்னுச்சா?" என்றாள் என்னைப் பார்த்து.

"நின்னுடுச்சு" என்றேன்.

அப்புறம்தான் அவள் அழுதாள். "காலைலர்ந்து தட்ட வெச்சிகினு குந்தினு கீறேன் டீச்சர். மொதல்ல அவளுக்கு, அப்பறம் எனக்குன்னு. நீ கத்துக்குட்தியே, கேக்கறதுக்கு. கைய தொட்டுத் தொட்டு கேட்டுகினே கீறா. பசிக்குது அவளுக்கு. அவ கேக்காம இருந்தா ஊட்டியிருப்பேன். கேட்டா. கேட்டதுக்கு எப்டி இதக் குடுக்கறது?"

நான் தட்டை எடுத்துப்போய்க் கக்கூஸில் கொட்டி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அமுதா என் பின்னாலேயே வந்தாள். சோறு போகிறதே என்று என் மணிக்கட்டைத் தொட்டாள். மும்தாஜ் தன் வீட்டிலிருந்து மீன்குழம்பு சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அமுதா உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நம் வேலையில் அப்படித்தான் விதி, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். சொன்னால் தனலட்சுமி ஜெயிலுக்குப் போவாள், மார்பில் கட்டியோடு. அமுதா எங்கே போவாள் என்று யாருக்கும் தெரியாது. நானும் மும்தாஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. அதையே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செய்யாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தனலட்சுமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அமுதாவை எம்.கே.பி. நகரில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். அவர்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சாயங்கால மணி அடித்ததும் அவர்களை அம்மாக்களிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளுக்கு என்ன தெரியும்? புது இடம் என்பதால் அமுதா தூங்கவில்லை. கதவை இடித்துக்கொண்டே இருந்தாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார், பிறகு போன் செய்தார், பிறகு போலீசைக் கூப்பிடுவேன் என்றார். என் கணவர் நல்ல மனிதர். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டாம் நாள் வரை அமுதாவுக்கு இட்லி ஊட்டினார். பிறகு, "இது எவ்வளவு நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். வாரம் முடிவதற்குள் நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. தனலட்சுமி அந்தச் சோற்றை எந்த மனதோடு பிசைந்திருப்பாள் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அவளுக்கு ஆண்டுக்கணக்கில் இதுதான் வாழ்க்கை. எனக்கு ஒரு வாரம்.

மீஞ்சூரைத் தாண்டி ஒரு இல்லத்தில் கடைசியில் இடம் கொடுத்தார்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக. அமுதாவை அங்கே விட்டுவிட்டு வெளியே வந்தபோது என் தோள் லேசானதுபோல இருந்தது. அப்படி இருந்ததே என்று மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

தனலட்சுமிக்கு ஆபரேஷன் நடந்தது. தாமதமாகிவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள்.

"அவ கேக்கறாளா டீச்சர்? கையத் தொட்டுக் கேக்கறாளா?"

"கேக்கறா தனம்."

அமுதா கேட்பதை நிறுத்தியிருந்தாள். அந்த இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைத்து, ஒரே நேரத்தில் எடுப்பார்கள். மணிக்கட்டைத் தொட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார்கள். ஒரு கூடம் நிறையப் பெண்களுக்கு இரண்டு ஆயாக்கள். மணிக்கட்டைத் தொடுகிற கையை உதறிவிட்டு அடுத்த தட்டுக்குப் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. தொட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்து, அவள் விட்டுவிட்டாள்.

தனலட்சுமி ஆடி மாதம் இறந்துபோனாள். அவள் அண்ணன் ஒருவன் அதுவரை எங்கிருந்தானோ, வந்து காரியம் செய்தான். அமுதாவைக் கூட்டிவர வேண்டும் என்று நானும் மும்தாஜும் சொன்னோம். "அதுக்கு இன்னாம்மா புரியும், கத்திகினு கெடக்கும், வோணாம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். மீஞ்சூர் போய்த் திரும்ப நேரம் இல்லை, உடலை எடுக்க அவசரப்பட்டார்கள். அம்மா இறந்தது அமுதாவுக்கு இன்றும் தெரியாது. அல்லது, வராத அம்மாவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்பது நமக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒருமுறை இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. அதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், யாரிடமாவது புகார் கொடுத்திருப்பேன். பேனுக்குப் பயந்து எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் நைட்டி. கழிப்பறைக்கு ஒவ்வொருவராகக் கூட்டிப்போக ஆள் இல்லாததால் எல்லோருக்கும் டயாபர். தானாகப் போகத் தெரிந்த அமுதாவுக்கும் டயாபர்தான். நாம் வருஷக்கணக்கில் கற்றுக்கொடுப்பது சில மாதங்களில் போய்விடுகிறது. அது இருந்ததற்கான அடையாளம்கூட மிஞ்சுவதில்லை.

நான் போகிற நாளில் அவளைக் குளிப்பாட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவள் தோள் அந்தப் பக்கம் திரும்பும். அதை அவளுடைய சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போனமுறை போனபோது அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண் என்னோடு கேட் வரை வந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். பெயர் நிர்மலா. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அமுதா அக்கா சாப்பிட மாட்டேங்கறாங்க. வாசக்கதவையே பாத்துக்கினு நிக்கறாங்க. ரெண்டு மூணு நாளைக்கு வாய்ல ஒரு பருக்கை எறங்கல. மாத்திரையையும் துப்பிடறாங்க. போனவாட்டி அப்படித்தான் வலிப்பு வந்துடுச்சு. நீங்க வராத நாள்ல அமைதியா இருக்காங்க மேடம். சாப்பிடறாங்க."

"வராம இருக்கச் சொல்றியாம்மா?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையைப் பற்றி நான் முப்பது பேருக்குப் பாடம் எடுக்கிறபோது என்ன சொல்வேனோ அதைத்தான் அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று கவனித்துச் சொன்னாள். அந்த வலி நான்தான்.

இந்த மாதம் நான் போகவில்லை. அடுத்த மாதமும் போகப் போவதில்லை. இது சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களில் சிலருக்கு மீஞ்சூர் பக்கம் வேலை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்டேஷனில் இறங்கி, இல்லம் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். ஜன்னல் ஓரத்தில், தலைமுடி ஒட்ட வெட்டிய கனத்த பெண் ஒருத்தி இருப்பாள். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். அவளுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் எழுந்து போனால் அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.